காத்திருப்புக் கட்டணம்

ஆஸ்பத்திரி கேட்டில் ராத்திரி பதினொன்றுக்கு
லாட்ஜ் கேட்பார்கள், மெடிக்கல் கேட்பார்கள்,
வங்காளத்துச் சாப்பாடு எங்கே என்பார்கள்.
இருட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்
இருபது வருஷத்தில் இவர் ஒருத்தர்தான்.

மங்கிலால். ஜெய்சல்மேர் பக்கம்.
நாலாவது மாடியில் மனைவி.
என் வீட்டு உருதும் அவர் ஊர் இந்தியும்
கிளட்ச் தேய்ந்த வண்டி மாதிரி
உரசிக்கொண்டே ஓடின.

"எவ்வளவு இருட்டு வேணும்?"
"நீட்டின கை தெரியக்கூடாது."
வேலூரில் அதற்கு எங்கே போவேன்?
கோட்டைக்கு விளக்கு, மலைக்கு விளக்கு,
பைபாஸ் பிரியாணிக் கடைக்குச் சீரியல் செட்.
போக வர அறுநூறு, வெயிட்டிங் தனி என்று பேசி
விரிஞ்சிபுரம் தாண்டிப் பாலாற்றில் இறக்கினேன்.

"ஆறு எங்கே?"
"நிற்கிறீங்களே, இதுதான்."
செருப்பைக் கழற்றினார்.
ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டு
"எங்களுடையது இன்னும் பொடி" என்றார்,
பக்கத்து ஊர் அரிசியைச் சொல்வதுபோல.

மணல்மேட்டில் கட்டில் போடுவது அவர் தொழில்.
கட்டிலுக்கு ஒரு ரஜாய், ஒரு சுக்கு டீ,
நடுவில் பொதுவாக ஒரு டெலஸ்கோப்.
தலைக்கு மூவாயிரம்.
சனியின் வளையத்தைப் பார்த்ததும்
டெல்லிக்காரர்கள் கத்துவார்களாம்,
வெளிநாட்டுக்காரர்கள் அழுவார்களாம்.
டிசம்பர் பதினாலு, மிதுனத்திலிருந்து
கல் கல்லாய் எரிந்து விழும் இரவு,
மூன்று மாதம் முன்பே கட்டில் தீர்ந்துவிடும்.
இந்த வருஷம் மச்சான் பார்த்துக்கொள்கிறான்.
இவர் இங்கே டோக்கன் நம்பர் பார்க்கிறார்.

லாரிகள் தோண்டிய பள்ளம் ஒன்றில்
காற்றுக்கு ஒடுங்கி மல்லாந்தார்.
ஹெட்லைட்டை அணைக்கச் சொன்னார், அணைத்தேன்.
செல்போனையும் என்றார்.
அதற்கு மனசு வர ஐந்து நிமிஷம் ஆனது.
அப்புறம் வந்தன,
கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி,
பெரியவர்கள் முதலில்,
பிள்ளைகள் பின்னால் நெரித்துக்கொண்டு.

துருவத்தைத் தேடினார்.
தன் ஊரில் அது நிற்கும் உயரத்தில் தேடி,
காணாமல்,
பார்வையைப் பாதிக்குப் பாதி இறக்கி,
கரும்புத் தோட்டத்துக்குச் சற்று மேலே
புகைமூட்டத்தில் ஒரு கறைப்பல்லாய்க் கண்டுபிடித்தார்.
"இவ்வளவு கீழே வந்துவிட்டேனா?"
என்னைக் கேட்டாரா, தெரியவில்லை.

தெற்கே திரும்பினால் அகஸ்தியன்.
அவர் மணலில் அது
வாசலில் தயங்கும் கடன்காரன்போல
எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுமாம்.
இங்கே நிமிர்ந்து நின்றது.
எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

முதல் கல் கீறிக்கொண்டு போனது.
"ஏக்" என்றார்.
இருபத்திரண்டில் ஒரு லாரி ஹைபீமில் இறங்கி,
எங்கள் ஆட்டோவைப் பார்த்ததும்
விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றது.
போலீஸ் என்று நினைத்தார்கள் போல.
அவர்கள் பயத்தில்
எங்களுக்கு இன்னும் நல்ல இருட்டு.

"வீட்டம்மா இதெல்லாம் பார்த்திருக்காங்களா?"
"பதினோரு வருஷத்தில் ஒருநாளும் வரவில்லை.
விடிந்தால் எருமை கறக்கணும் என்பாள்.
காசு கொடுத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துச்
சிரிப்பாள்."
முப்பது. முப்பத்தொன்று.

நாலு மணிக்கு கேட்டில் இறங்கினார்.
அறுநூறோடு முந்நூறு சேர்த்து நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
வானத்துக்கு ரேட் போட்டு விற்கிறவரிடம்
வேண்டாம் பாய் என்று சொல்ல
எனக்கு என்ன தகுதி?

அவர் போன் அடித்தது. நாலாவது மாடி.
எத்தனை என்று கேட்டாள் போல, நாற்பத்தொன்று என்றார்.
இன்னொன்று கேட்டாள்.
"இல்லை, இன்றைக்கு நான்தான் கொடுத்தேன்."
அந்தச் சிரிப்பு எனக்கும் கேட்டது.
சிரிப்பு இருமலாகி,
இருமலோடே நீண்டு,
நர்ஸின் குரல் வந்து போனை வைத்தது.
படிகளில் இரண்டிரண்டாய் ஏறினார்.

காலையில் முதல் சவாரி, ஒரு வங்காளத்துப் பையன்,
காலடியில் மணலைத் தேய்த்துப் பார்த்துக் கேட்டான்:
"கடலுக்கா போனீங்க?"
"ஆத்துக்கு" என்றேன்.
அவன் பாலத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான்.